இரண்டு கட்டங்களில் ஒரு பிறந்தநாள்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு குதிரைக் காலண்டர் தொங்குகிறது. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது; மற்றவர்களுக்காக ஒரு வரி சொல்கிறேன். மாதத்துக்கு ஒரு தாள், நாளுக்கு ஒரு பெரிய கட்டம், கட்டத்தின் நடுவே கறுப்பிலோ சிவப்பிலோ கண்ணில் அறையும் ஓர் எண், அதைச் சுற்றிச் சீன மாதக் கணக்கு, இஸ்லாமிய மாதக் கணக்கு, பள்ளி விடுமுறை, பந்தய நாளாக இருந்தால் மூலையில் ஒரு குதிரைப் படம். இவ்வளவும் போக எஞ்சுகின்ற வெள்ளை இடத்தில்தான் நான் வேதியியலாளர்களின் பிறந்தநாள்களையும் வேதியியலில் நினைவுகூரத்தக்க நாள்களையும் எழுதி வைக்கிறேன். பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் கற்பித்த காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. வகுப்புக்குள் நுழைந்தவுடன் இன்று யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டால் பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன் இரண்டு நிமிடமாவது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பணி ஓய்வு பெற்று, ஜெலுத்தோங்கில் வீட்டுக் கூடத்தில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் சிலருக்கு மாலை வகுப்பு நடத்தும் இப்போதும் அந்தக் கேள்வியோடுதான் வகுப்பு தொடங்குகிறது.

சில வாரங்களுக்கு முன், பிப்ரவரி 8 அன்று, வெண்பலகையில் மெண்டலீவ் என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "டீச்சர், இதுல ஜனவரி 27-னு போட்டிருக்கு" என்றான். மெண்டலீவ் உருவாக்கிய தனிம வரிசை அட்டவணையைப் பற்றிப் பேச ஒதுக்கியிருந்த மாலை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் கரைந்துபோனது.

இரண்டு தேதிகளும் சரியானவையே. திமித்ரி மெண்டலீவ் 1834-இல் சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரில் பிறந்தபோது ரஷ்யா இன்னும் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கில் அன்று ஜனவரி 27. மேற்கு ஐரோப்பா பின்பற்றிய கிரிகோரியன் நாட்காட்டியில், 19ஆம் நூற்றாண்டுக்குரிய 12 நாள் வித்தியாசத்தைக் கூட்டினால், அதே நாள் பிப்ரவரி 8. நான் இதை விளக்கி முடிப்பதற்குள் பையன் முந்திக்கொண்டான். "அப்ப நம்மள மாதிரிதான் டீச்சர். ஸ்டார் பர்த்டே ஒண்ணு, ஐசி பர்த்டே ஒண்ணு" என்றான். ஐசி என்றால் எங்கள் ஊரில் அடையாள அட்டை. முப்பது ஆண்டுக் காலம் கற்பித்த எனக்கு இந்த உவமை ஒருநாளும் தோன்றியதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கோவிலில் அர்ச்சனைச் சீட்டுக்கு நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு, அரசாங்கப் பாரத்தில் ஆங்கிலத் தேதியை எழுதும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு, ஒரு மனிதருக்கு இரண்டு பிறந்தநாள் இருப்பதில் வியப்பு ஒன்றுமில்லை.

ரஷ்யா 1918-இல்தான் புதிய நாட்காட்டிக்கு மாறியது. ஜனவரி 31-க்கு மறுநாளைப் பிப்ரவரி 14 என்று அறிவித்தார்கள். ஆகவே அந்த ஆண்டு ரஷ்யாவில் பிப்ரவரி 8 என்றொரு நாளே வரவில்லை. மெண்டலீவ் 1907-லேயே இறந்துவிட்டார். இல்லாவிட்டால், புதிய கணக்குப்படியான பிறந்தநாளைக் கொண்டாட அவருக்கு அந்த ஆண்டு ஒரு நாளும் கிடைத்திருக்காது.

அன்று இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ரஷ்யாக்காரனுக்கு என்ன நட்சத்திரம்?" அம்மாவின் கேள்வியில் நியாயம் இருந்தது, ஏனெனில் அவருடைய பிறந்தநாளே அப்படிப்பட்டதுதான். கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தைப்பூசத்துக்கு மறுநாள், ஆயில்ய நட்சத்திரம், ஜப்பான்காரன் வருவதற்கு முந்தி மூன்றாவது தைப்பூசம் என்று பாட்டி சொல்லி வைத்திருந்தார். ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், அம்மா பிறந்தது 1939 பிப்ரவரி முதல் வாரம். ஆனால் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டி பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலத்தில் பன்னிரண்டு வயது நிறைந்த எல்லோருக்கும் அடையாள அட்டை எடுத்தபோது, தோட்டத்துக் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர், எழுதிக்கொடுத்தது 1940 ஜனவரி 1. பிற்காலத்தில் அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதியாக மாறியதால், அந்தக் கிராணியின் கைவேகம் அம்மாவின் பெயரைவிட உறுதியாக அவரோடு ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்கு இதில் குறை ஏதும் இல்லை. "ஒரு வயசு குறைச்சுக் குடுத்தான், நல்ல மனுசன்" என்பார்.

மெண்டலீவின் நட்சத்திரத்தை என்னால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. நிலவின் சுற்றைக் கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டதில், அது தை அமாவாசையை ஒட்டிய நாள் என்ற அளவுக்கு விடை வந்தது. அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

மெண்டலீவின் பிறந்தநாளாவது 12 நாளைக் கூட்டினால் தெளிந்துவிடுகிறது. அவருடைய அட்டவணையின் பிறந்தநாள் அவ்வளவு எளிதன்று. 1869 பிப்ரவரி 17 அன்று, பாலாடைக்கட்டி செய்யும் பண்ணைகளைப் பார்வையிடக் கிளம்ப வேண்டியவர், அதற்கான கடிதத்தின் பின்பக்கத்திலேயே தனிமங்களின் அணு எடைகளை அடுக்கிப் பார்க்கத் தொடங்கினார். அது ரஷ்யக் கணக்கு. நம் கணக்கில் மார்ச் 1. பிறகு மார்ச் 6 அன்று ரஷ்ய வேதியியல் கழகத்தில் அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது. வாசித்தவர் அவரல்லர், மென்ஷுத்கின் என்ற சக வேதியியலாளர். அதுவும் ரஷ்யக் கணக்குத்தான். நம் கணக்கில் மார்ச் 18. ஆயினும் இணையத்தில் பெரும்பாலான பட்டியல்கள் அவருடைய பிறந்தநாளைப் புதிய கணக்குக்கு மாற்றிப் பிப்ரவரி 8 என்றும், அட்டவணையின் நாளைப் பழைய கணக்கிலேயே விட்டு மார்ச் 6 என்றும் போடுகின்றன. ஒரே பட்டியலில் தகப்பனுக்கு ஒரு பஞ்சாங்கம், பிள்ளைக்கு ஒரு பஞ்சாங்கம். ஆசிரியையாக இருந்த பாவத்துக்கு இது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் காலண்டரில் மார்ச் 1, மார்ச் 18 இரண்டு கட்டங்களிலும் எழுதியிருக்கிறேன். 6-ஐ வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அன்றைக்குத் தெரிந்திருந்த தனிமங்கள் 63. மெண்டலீவின் பெருமை அவற்றை அடுக்கியதில் மட்டும் இல்லை. அடுக்கும்போது பொருந்தாத இடங்களை வெறுமையாக விட்டு, இங்கே இன்னின்ன குணமுள்ள தனிமம் வரும் என்று எழுதி வைத்த துணிச்சலில் இருக்கிறது. வராத விருந்தாளிக்கு இலை போட்டு வைப்பதைப் போன்றது அது. அந்த இலைகளுக்குப் பெயர் வைக்க அவர் சமஸ்கிருத எண்ணுப் பெயர்களை எடுத்துக்கொண்டார். அலுமினியத்துக்கு அடுத்த வெற்றிடம் 'ஏக அலுமினியம்'. ஏகம் என்ற சொல் நமக்குப் பழக்கமானது என்பதால், மலாய் மொழியில் வேதியியல் படிக்கும் என் மாணவர்கள் அந்த ஓரிடத்தில் மட்டும் தாய்வீட்டுக்கு வந்ததைப்போல் சிரிப்பார்கள். 1875-இல் பிரான்சில் லெகோக் த புவாபோத்ரான் அந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்துக் காலியம் என்று பெயரிட்டார். அவர் அளந்த அடர்த்தி 4.7. அதைத் தன் கண்ணால் பார்த்தேயிராத மெண்டலீவ், அது 5.9 அளவில் இருக்க வேண்டும், பொருளைச் சுத்தப்படுத்தி மறுபடி அளக்கவும் என்று எழுதினார். மறுபடி அளந்தபோது 5.9 வந்தது. இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. காலியம் 29.8 டிகிரி செல்சியசில் உருகிவிடும் என்பதால், மெண்டலீவின் பீட்டர்ஸ்பர்க்கில் திடப்பொருளாக இருக்கும் அது, பினாங்கில் வெயில் ஏறிய மதியத்தில் மேசைமீது வைத்தால் பாதரசத்தைப்போல் ஓடும். இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளும் என்னிடம் படிக்கிறார்கள். எல்இடி விளக்கின் உள்ளே இருப்பது காலியச் சேர்மம் என்று சொன்னால், அம்மா தினமும் கையாளும் பொருளா இது என்று கண்களை விரிக்கிறார்கள்.

இரண்டு கட்டங்கள் கேட்கும் பிறந்தநாள்களை அந்த வாரம் முழுவதும் தேடத் தொடங்கினேன். ஜோசப் பிரீஸ்ட்லி 1733-இல் யார்க்ஷயரில் பிறந்தபோது இங்கிலாந்தும் பழைய கணக்கில்தான் இருந்தது. ஆகவே அவருக்கு மார்ச் 13 ஒன்று, மார்ச் 24 ஒன்று. 1752-இல் இங்கிலாந்து மாறியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 ஆனது. அணுக் கொள்கையைச் சொன்ன ஜான் டால்டனுக்குச் சில நூல்கள் செப்டம்பர் 5 என்கின்றன, சில நூல்கள் 6 என்கின்றன. ஆய்வகத்தில் எரியும் விளக்கின் பெயராகவே நிலைத்துவிட்ட ராபர்ட் புன்சனின் கதை இன்னும் வேடிக்கையானது. கோட்டிங்கன் தேவாலயப் பதிவேட்டிலும் அவர் கைப்பட எழுதிய வாழ்க்கைக் குறிப்பிலும் 1811 மார்ச் 30 என்று இருக்கிறது. ஆனால் முதுமையில் அவர் கொண்டாடியது 31ஆம் தேதி. இங்கே நாட்காட்டி மாறவில்லை, மனிதர்தான் மாறியிருக்கிறார். ஏன் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை.

நவம்பர் 7-ஆம் நாளின் கட்டம் எழுத இடமில்லாமல் நிறைந்து கிடக்கிறது. 1867-இல் வார்சாவில் மேரி கியூரி; 1888-இல் திருச்சிராப்பள்ளியில் சர் சி. வி. இராமன். இராமனை இயற்பியலார் உரிமை கொண்டாடினாலும், ஒரு பொருளின் மீது ஒளியைப் பாய்ச்சிச் சிதறி வரும் ஒளியை வைத்தே அதன் மூலக்கூறு எது என்று சொல்லிவிடும் கருவியை நாள்தோறும் இயக்குகிறவர்கள் வேதியியலார். அதனால் அவருக்கு என் காலண்டரில் இடம் உண்டு. இராமன் விளைவு கண்டறியப்பட்ட 1928 பிப்ரவரி 28-க்கும் உண்டு. இவர்கள் இருவருக்கும் இடையில் லிசே மெய்ட்னர். அணுக்கருப் பிளவு நடந்தது என்பதை முதலில் விளங்கிக்கொண்ட அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1944-ஆம் ஆண்டுக்கான வேதியியல் பரிசு அவரோடு பல்லாண்டு உழைத்த ஓட்டோ ஹானுக்கு மட்டும் போனது. மெய்ட்னர் கொண்டாடிய பிறந்தநாள் 1878 நவம்பர் 7. வியன்னாவின் யூதச் சமூகப் பதிவேட்டில் இருப்பதோ நவம்பர் 17. பதிவேட்டை எழுதியவரின் பேனா ஒரு பத்தைக் கூட்டிவிட்டதா, அல்லது வீட்டில் இருந்தவர்கள் வேறுவிதமாகக் கணக்கு வைத்திருந்தார்களா என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் கிராணி நினைவுக்கு வருகிறார்.

மனிதர்களின் பிறந்தநாளாவது ஏதோ ஒரு நாள் உண்மையில் நடந்த ஒன்று. கண்டுபிடிப்புகளின் பிறந்தநாளுக்கு வரும்போது எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதே ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். என் காலண்டரில் ஆகஸ்டு 1 என்று இருக்கிறது. 1774-இல் அந்த நாளில் பிரீஸ்ட்லி, ஷெல்பர்ன் பிரபுவின் மாளிகையில் இருந்த தம் ஆய்வறையில், 12 அங்குலக் குவி கண்ணாடி வில்லையால் வெயிலைக் குவித்துச் சிவப்பு நிறப் பாதரச ஆக்சைடைச் சூடாக்கினார். வெளிவந்த வாயுவில் மெழுகுவர்த்தி மிகுந்த வீரியத்தோடு எரிந்தது. தாம் பிடித்தது என்ன என்று அவருக்கு அன்று தெரியவில்லை. மறு ஆண்டு மார்ச் மாதம் அந்த வாயுவில் ஓர் எலியை விட்டு, சாதாரணக் காற்றில் இருப்பதைக் காட்டிலும் அது நெடுநேரம் உயிரோடு இருப்பதைக் கண்ட பிறகுதான் அவருக்கே நம்பிக்கை வந்தது. அப்போதும் அதற்கு அவர் வைத்த பெயர் 'ஃபுளோஜிஸ்டன் நீங்கிய காற்று'. எரியும் பொருளிலிருந்து ஃபுளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்ற பழைய கொள்கையை அவர் சாகும்வரை விடவில்லை.

சுவீடனில் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற மருந்துக் கடைக்காரர் இதே வாயுவை அதற்கு முன்பே தயாரித்துவிட்டார். அவர் அதைத் தீக்காற்று என்றார். ஆனால் அவருடைய நூல், முன்னுரைக்காகவும் அச்சுக்காகவும் காத்துக் கிடந்து, 1777-இல்தான் வெளிவந்தது. அதற்கு முன் 1774 செப்டம்பர் 30 அன்று அவர் பாரிசில் இருந்த வேதியியலாளர் லவாய்சியேவுக்கு ஒரு கடிதம் எழுதி, இந்தச் சோதனையைச் செய்து பார்க்குமாறு கேட்டிருந்தார். அடுத்த மாதமே பிரீஸ்ட்லி பாரிசுக்குப் போய் லவாய்சியேவின் விருந்து மேசையில் அமர்ந்து தம் சோதனையை வெளிப்படையாக விவரித்தார். 1775 ஏப்ரலில் லவாய்சியே அறிவியல் கழகத்தில் கட்டுரை வாசித்தபோது அதில் பிரீஸ்ட்லியின் பெயர் இல்லை. ஆயினும் எரிதல் என்பது ஒரு பொருள் காற்றின் ஒரு பகுதியோடு சேர்வது என்று நிறுவி, ஃபுளோஜிஸ்டனை விரட்டி, புதிய வேதியியலைக் கட்டி எழுப்பியவர் அவர்தான். முதலில் பிடித்தவர் ஒருவர், முதலில் வெளியில் சொன்னவர் ஒருவர், முதலில் புரிந்துகொண்டவர் ஒருவர். மூவரில் யாருடைய நாளை எழுதுவது? என் சாய்வு பிரீஸ்ட்லியின் பக்கம். தெரிந்ததைத் தெரிந்தவுடன் எல்லோருக்கும் சொல்லிவிட்ட குணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆகையால் ஆகஸ்டு 1. ஆனால் அதே கட்டத்தின் மூலையில் சிறிய எழுத்தில் 'ஷீலே முன்பே' என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.

லவாய்சியே வைத்த பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆக்சிஜன் என்றால் கிரேக்கத்தில் அமிலத்தை உண்டாக்குவது என்று பொருள். எல்லா அமிலங்களிலும் அது இருக்கிறது என்று அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்பது 1810-இல் ஹம்ப்ரி டேவியின் ஆய்வால் தெளிவாகிவிட்டது. தவறு போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. மலாயில் ஒக்சிஜென் என்று படிக்கும் பிள்ளைகளும் அந்தத் தவற்றைத்தான் உச்சரிக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் அவர்கள் படித்துவிட்டு வந்த உயிர்வளி என்ற சொல்லில் அப்படிப்பட்ட பிழை எதுவும் இல்லை என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது நான் சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை. வரி வசூல் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்த குற்றத்துக்காக லவாய்சியேவின் தலை வெட்டப்பட்டது 1794 மே 8. அன்றைய பிரெஞ்சுப் பதிவேட்டில் அந்தத் தேதியைத் தேடினால் கிடைக்காது. புரட்சி அரசு நாட்காட்டியையும் மாற்றிவிட்டிருந்ததால், அது இரண்டாம் ஆண்டு, ஃபுளோரெயால் மாதம் 19.

எங்கள் ஊருக்கு நெருங்கிய பொருள்களுக்கு வந்தால் தேதிகள் இன்னும் நழுவுகின்றன. இந்த நாட்டின் பட்டணங்களை எழுப்பியது வெள்ளீயம். கோலாலம்பூர் ஈயலம்பத்துக்கு, அதாவது ஈயச் சுரங்கத்துக்கு, போனவர்கள் இறங்கிய, சேறு நிறைந்த ஆற்றுச் சங்கமத்தில் பிறந்தது. பினாங்கின் டத்தோ கெராமட் சாலையில் இருந்த உருக்காலை, தாதுவைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கி அதன் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்து வெள்ளீயமாக்கியது. ஆனால் வெள்ளீயத்துக்குப் பிறந்தநாளே கிடையாது. வெண்கலக் காலத்திலேயே மனிதனுக்குப் பழகிய உலோகம் அது. கண்டுபிடித்தவர் என்று எவரும் இல்லை. நிலையான ஐசோடோப்புகள், அதாவது எடை மாறுபட்ட அணு வகைகள், பத்து கொண்ட ஒரே தனிமம் என்ற பெருமை மட்டும் அதற்கு உண்டு. என் காலண்டரில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை என்பது எனக்குச் சிறிது வருத்தம்தான்.

ரப்பருக்கு வருவோம். பால்மரம் பிரேசிலிலிருந்து வந்தது. ஹென்றி விக்காம் 1876-இல் இலண்டனுக்குக் கொண்டு சேர்த்த ஏறத்தாழ 70,000 விதைகளில் முளைத்தவற்றிலிருந்து 22 கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலாகங்சாரில் நடப்பட்டன. இந்தக் கதை நமக்குத் தெரியும். ரப்பர் என்ற ஆங்கிலச் சொல்லின் பின்னாலும் பிரீஸ்ட்லி நிற்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. பென்சில் கோட்டைத் துடைத்து அழிக்க அருமையான ஒரு பொருள் கிடைக்கிறது, அரை அங்குலக் கட்டி மூன்று ஷில்லிங் என்று 1770-இல் அவர் எழுதி வைத்தார். தேய்ப்பது என்ற வினையிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. நமக்கோ அது மலாயின் கெத்தாவிலிருந்து வந்த கித்தா. கித்தாக் காடு என்றால் அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வரும். ரப்பர் தோட்டம் என்றால் அது ஏதோ அரசாங்க அறிக்கையில் வருகிற சொல்.

வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்து, பயனில்லாமல் கிடந்த ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் கண்டது 1839. எந்த நாள் என்று தெரியாது. கந்தகம் கலந்த ரப்பர் அவர் கையிலிருந்து தவறிச் சூடான அடுப்பின்மீது விழுந்தது என்பதே கதை. எழுத முடிகின்ற தேதி அமெரிக்கக் காப்புரிமை கிடைத்த 1844 ஜூன் 15 மட்டுமே. இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843 நவம்பர் 21 அன்றே காப்புரிமைக்கு முந்திக்கொண்டார். குட்இயர் கடனாளியாக 1860-இல் இறந்தார். இன்று டயரில் பார்க்கும் அந்தப் பெயர் அவர் இறந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகு வேறு யாரோ தொடங்கிய நிறுவனத்துக்கு மரியாதைக்காகச் சூட்டப்பட்டது. அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அதில் பங்கு இல்லை.

மார்ச் மாதத் தாளில் 12-ஆம் கட்டத்தில் வில்லியம் பெர்க்கின் இருக்கிறார். பிறந்தது 1838. 1856 ஈஸ்டர் விடுமுறையில், பதினெட்டு வயதில், வீட்டின் ஒரு மூலையில் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைச் செயற்கையாகத் தயாரிக்கப் பார்த்து, தோற்று, கறுப்பு வண்டலைச் சாராயத்தால் கழுவியபோது ஊதாச் சாயத்தைக் கண்டெடுத்தார். செயற்கைச் சாயத் தொழிலே அதிலிருந்து வளர்ந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். எனக்கு அந்தக் கதையில் மனம் நிற்குமிடம் வேறு. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்தில் கொயினா விழுங்க வைப்பார்கள், நாக்கை நீட்டிக் காட்டச் சொல்வார்கள் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். பெர்க்கினுக்கு அன்று கிடைக்காத பொருளை நம்பித்தான் அவருக்குப் பிறகு வந்த இரண்டு தலைமுறைகள் காய்ச்சலில் உயிர் பிழைத்தன. அந்த மூலக்கூறைச் செயற்கையாகக் கட்டும் வழி 20ஆம் நூற்றாண்டில்தான் புலப்பட்டது.

அதே தாளில் 23-ஆம் கட்டத்தில் ஹெர்மன் ஸ்டவ்டிங்கர் இருக்கிறார், பிறந்தது 1881. அடுத்த கட்டத்தில் பிரீஸ்ட்லியின் புதிய கணக்குப் பிறந்தநாள். ரப்பருக்குப் பெயர் கிடைக்கக் காரணமானவரும் ரப்பர் என்ன என்று சொன்னவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களாக உட்கார்ந்திருப்பதை மாணவர்களிடம் காட்டுவதற்காகவே நான் மார்ச்சுக்குக் காத்திருப்பதுண்டு. ரப்பரில் ஐந்து கார்பன் அணுவுக்கு எட்டு ஹைட்ரஜன் அணு என்ற விகிதத்தை மைக்கேல் ஃபாரடே 1826-லேயே சொல்லிவிட்டார். ஆனால் அந்தச் சிறு அலகுகள் ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்பது அடுத்த நூறாண்டுகளுக்குத் தெரியவில்லை. அவை சிறிய மூலக்கூறுகள்தாம், ஏதோ ஒரு பலவீனமான ஈர்ப்பால் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதே பெரியவர்களின் கருத்து. ஸ்டவ்டிங்கர் 1920-இல் இல்லை என்றார். ஆயிரக்கணக்கான அலகுகள் சாதாரண வேதிப் பிணைப்பால் கோக்கப்பட்ட ஒரே நீளச் சங்கிலி அது என்றார். கும்பல் என்று சொன்னவர்கள் அந்த ஈர்ப்புக்குக் காரணமாகக் காட்டியது இரட்டைப் பிணைப்புகளை. ஆகவே அவர் ரப்பரில் ஹைட்ரஜனை ஏற்றி அந்த இரட்டைப் பிணைப்புகளை நீக்கிப் பார்த்தார். கும்பலாக இருந்தால் கலைந்து சிறிய மூலக்கூறுகளாக ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை, முன்போலவே பிசுபிசுத்த பெரும்பொருளாகவே இருந்தது. ரப்பரைச் சரியாகச் சுத்தம் செய்யுங்கள், அது படிகமாகிவிடும், பெரிய மூலக்கூறு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று ஒரு மூத்த வேதியியலார் தமக்கு அறிவுரை சொன்னதைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். நோபல் பரிசு வந்தபோது ஆண்டு 1953. அவருக்கு வயது 72.

படிவம் ஐந்து பாடத்தில் ரப்பர்ப் பால் உறைவதைப் பற்றி ஒரு பகுதி உண்டு. பாலில் மிதக்கும் ஒவ்வொரு ரப்பர்த் துகளையும் ஒரு புரதச் சவ்வு மூடியிருக்கிறது. சவ்வின் மீது எதிர்மின்னேற்றம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. அமிலத்தை விட்டால் அந்த ஏற்றம் நீங்கி, துகள்கள் மோதி, சவ்வு கிழிந்து, சங்கிலிகள் பின்னிக்கொள்கின்றன. அந்த அமிலம் ஃபார்மிக் அமிலம். 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்துப் பெற்றது. இந்தப் பாடத்துக்கு நான் அம்மாவை வகுப்பறைக்குள் அழைத்து உட்கார வைப்பேன். விடியுமுன் பால் வெட்டி, மங்கு மங்காகச் சேர்த்த பாலை ஸ்டோரில் ஊற்றி ஆசிட் கலக்கிய நாள்களை அவர் சொல்வார். ஆசிட் கூடினால் கட்டி கல்லாகும், குறைந்தால் மறுநாள் வரைக்கும் கொழகொழவென்று கிடக்கும், மழை நீர் கலந்த பாலுக்குக் கணக்கே வேறு என்று அவர் விரலை மடக்கிச் சொல்லும் அளவுகளைப் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். தேர்வில் அது வராது என்று தெரிந்தும் எழுதிக்கொள்கிறார்கள்.

இந்த ஆண்டு முதல் அம்மாவுக்கும் காலண்டரில் இரண்டு கட்டங்கள் ஒதுக்கினேன். ஜனவரி 1-இல் ஒன்று; தைப்பூசத்துக்கு மறுநாள் ஒன்று. இரண்டாவது கட்டம் ஆண்டுதோறும் இடம் மாறும் என்பதால், புதுக் காலண்டர் வந்தவுடன் முதலில் அதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை படித்தவர். பூதக் கண்ணாடியை வைத்துக்கொண்டு தம் கட்டத்தைப் படித்து முடித்தவர், அப்படியே தாள்களைப் புரட்டி மார்ச்சுக்குப் போய், 23-இல் எழுதியிருப்பது யார் என்று கேட்டார்.

கித்தாவுக்குள் நீளமான சங்கிலி இருக்கிறது என்று சொல்லி நோபல் பரிசு வாங்கியவர் என்றேன்.

அம்மா கண்ணாடியைக் கீழே வைத்தார். "அதான் இழுத்தா தெரியுதே" என்றார்.